சத்தம் கொடுத்து வந்தவர்

பனிக்காலத்தில் அவருடைய குரல்தான் முதலில் வரும். ஷார்ஜாவில் ஜனவரிக் காலைகளில் கடலிலிருந்து ஏறிவரும் பனி எதிர்க் கட்டடத்தையே விழுங்கிவிடும். நானும் என் ஏழு வயது மகள் பவியும் தெருமுனையில் நின்றிருப்போம். பஸ் தெரியாது. உடைத்து ஊற்றிய முட்டை போல இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் மிதந்து வரும். அதற்குப் பின்னால் அந்தக் குரல்.

"பவி, பஸ் வந்துருச்சு. இப்போ கதவு திறக்கும். நான் கீழ இறங்கறேன். உன் பையை வாங்கப் போறேன், சரியா?"

பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பெல்ட் மாட்டிவிடுகிற வேலை அவருக்கு. பிள்ளைகளுக்கு பஸ் ஆன்ட்டி. முப்பத்தைந்து வயது இருந்திருக்கலாம். மெலிந்த உடம்பு. பள்ளிக்கூடம் கொடுத்த பச்சை ஜாக்கெட் அவரைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத் தொங்கும். எதைச் செய்தாலும் செய்வதற்கு முன்னால் சொல்லிவிடுவார். பெல்ட் மாட்டும்போது, "என் கை உன் தோள்ல படும்." ஜன்னலைச் சாத்தும்போது, "டப்புனு ஒரு சத்தம் வரும்." வளைவு வருவதற்குள், "டிரைவர் அங்கிள் இப்போ பிரேக் போடுவார்."

பதான் டிரைவருக்கு இது தீராத வேடிக்கை. "பிரேக் போடணும்னு எனக்கே இன்னும் தோணலையே மேடம்" என்று இந்தியில் சொல்லிச் சிரிப்பார். அவர் வைத்த பெயர் கமென்ட்ரி மேடம். "ஆஜ் கா கமென்ட்ரி ஷுரூ!", இன்றைய கமென்ட்ரி ஆரம்பம், என்று அவர் கத்தினால் பஸ் முழுக்கச் சிரிக்கும். ஆன்ட்டியும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் நிறுத்தமாட்டார்.

எல்லாக் குழந்தைகளுக்கும் சொன்னார். பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. எல்லோருக்கும் சொன்னதால் யாருக்காகச் சொல்கிறார் என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது. எனக்கும் தெரியவில்லை. தொணதொணப்பு என்றுதான் நினைத்தேன்.

என்னைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் என் மனைவியை அடித்துக்கொண்டிருந்தவன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது. டிப்ளமோ படித்தவன். தொழில்பேட்டையில் எண்ணெய்த் தொட்டிகள் செய்யும் யார்டில் வெல்டிங்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். நூல் அளவு விரிசலையும் விளக்கடித்துக் கண்டுபிடிப்பேன். வீட்டில் பவியை நான் ஒருபோதும் தொட்டதில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஆனைகட்டி மலைப்பக்கத்து இருளர் பழங்குடி. அதையும் நான் இங்கே யாரிடமும் சொல்லியதில்லை. ஊர் எது என்று கேட்டால் கோயம்புத்தூர். கோயம்புத்தூரில் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். எங்கள் ஊரைப் பதி என்போம். அந்தச் சொல்லைப் பவியின் முன்னால் சொல்லக்கூடாது என்று என் மனைவி சரசுவுக்கு உத்தரவு.

ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் நடந்ததை விவரமாக எழுத முடியவில்லை. எழுதினாலும் அது ஒரு தட்டு, சரசு சொன்ன ஒரு வார்த்தை, என் கை என்று சின்னதாகத்தான் தெரியும். பவி மேசைக்கு அடியில் இருந்தாள். அடுத்த நாள் சனிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை; அப்போது இங்கே ஞாயிறன்றுதான் பள்ளி திறக்கும். நான் டியூட்டியில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணா, நான் பஸ் ஆன்ட்டி பேசறனுங்க. மூணு விஷயம் சொல்லப் போறேன். கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க."

யார்டில் கிரைண்டர் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"உங்க வீட்டுக்காரம்மாவும் பவியும் என் ரூம்ல இருக்காங்க. நான்தான் வரச் சொன்னேன், நல்லா இருக்காங்க. அது ஒண்ணு. நாளைக்குக் காலைல ஸ்கூல்ல கவுன்சிலர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லப் போறேன். அது ரெண்டு. நீங்க இங்க வந்து சத்தம் போட்டா போலீஸுக்கு ஃபோன் பண்ணுவேன். அது மூணு. உங்களுக்குத் தெரியாம எதையும் செய்ய எனக்கு இஷ்டமில்லீங்க. அதான் முன்னாடியே சொல்லிடறேன்."

"நீ யாரு இதையெல்லாம் சொல்ல? பஸ் தொடைக்கறவதானே?"

"ஆமாங்கண்ணா. அதுவும் நான்தான் தொடைக்கறேன்." பிறகு எங்கள் பேச்சில், இருபது வருடமாக இந்த ஊரில் நான் பேசாத அந்தப் பேச்சில், தானும் நம் ஜனம்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றார்.

தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். அந்த இரும்பின் சூடு சட்டைக்குள் ஏறியது இன்றும் முதுகில் இருக்கிறது. நான் ஒளித்துவைத்திருந்த இரண்டு விஷயங்களும் ஒரே குரலில் வெளியே வந்துவிட்டன.

சொன்னபடியே செய்தார். பள்ளியில் கூப்பிட்டார்கள். வேலை போகும், விசா போகும் என்று பயந்தேன். அந்தப் பயம்தான் முதலில் வந்தது, வெட்கம் பிறகுதான் வந்தது. கவுன்சிலர் அம்மா என்னை ஒரு மருத்துவரிடம் அனுப்பினார். வாரம் ஒருமுறை போய்ப் பேச வேண்டும். சரசு வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். பவியைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை அந்த ரூமுக்கு வரலாம் என்றாள். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. நிபந்தனையைச் சொன்னவர் பஸ் ஆன்ட்டி.

"கீழ இருந்தே சத்தம் குடுத்துட்டு வரணுங்கண்ணா. நம்ம காட்டுல எப்படி வருவோம்? அப்படி. ஒவ்வொரு மாடியிலயும் நிக்கணும். மேல இருந்து பதில் வந்தா அடுத்த மாடி. வரலைன்னா அங்கயே நிக்கணும், இல்ல திரும்பிடணும்."

எங்கள் காட்டில் பதிக்குப் போகிறவன் தூரத்திலிருந்தே ஒரு குரல் விடுவான். வாய் பக்கத்தில் கையைக் குவித்து, தொண்டைக்குள்ளிருந்து நீளமாக எழுப்பி, கடைசியில் மடக்கி விடுகிற சத்தம். ஊர்க்காரர்களுக்காக மட்டும் இல்லை. புதருக்குப் பின்னால் யானை நின்றால் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு மூச்சுகூட விடாமல் நிற்கும். திடீரென்று முன்னால் போய் நின்றால் அதுவும் பயந்துவிடும். குரல் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளும்.

"பயந்து கிடக்கற ஜீவனுக்கு ஒதுங்க நேரம் குடுக்கணும், அவ்வளவுதான்" என்றார் அவர். யானையைச் சொல்கிறாரா என் மகளையா என்று நான் கேட்கவில்லை.

அவர் ரூம் இருந்தது ரோலா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில். லிஃப்ட் எப்போதும் ரிப்பேர். மூன்றாவது மாடியில், ஒரு ஃபிளாட்டைப் பலகையால் தடுத்து நான்கு குடும்பங்கள் இருந்தன. முதல் வெள்ளிக்கிழமை அந்தப் படிக்கட்டின் கீழே, இஸ்திரி போட்ட சட்டையோடு, நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது. தரைத்தளத்தில் மளிகைக்கடை வைத்திருந்த மலையாளி வெளியே வந்து பார்த்தார். கையைக் குவித்தேன். பதினாலு வயதுக்குப் பிறகு நான் விடாத குரல். பாதியில் உடைந்து இருமலாக முடிந்தது.

"எந்தா சேட்டா, பாட்டாணோ?" என்று, நான் பாடுவதாக நினைத்து மலையாளத்தில் கேட்டார் கடைக்காரர்.

மேலே ஏசி பெட்டிகளின் முனகல். எங்கோ குழாய் சொட்டியது. பதில் இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. உள்ளே மாடிப்படியின் நடுவில், மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தூசி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி தூங்கிவிட்டேனோ என்னவோ. பிறகு அவர் குரல் இறங்கி வந்தது. "அண்ணா, இன்னிக்கு வேண்டாமாம். நான் இப்போ உள்ள போகப் போறேன்."

அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாவது வெள்ளி முதல் மாடி வரை. ஒரு பாகிஸ்தானிப் பெரியவர் தொழுகைக்கு இறங்கி வந்தவர் என்னைச் சுற்றிப் போகாமல், என் பக்கத்தில் நின்று, "மேல யாருக்கும் காது கேட்காதா, பாய்?" என்று உருதுவில் கேட்டார். கேட்கும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இறங்கினார்.

அந்தப் படிக்கட்டில் ஒருநாள் பஸ் ஆன்ட்டி என்னோடு இரண்டு படி தள்ளி உட்கார்ந்திருந்தார். உட்காருமுன் "உக்காரப் போறேன்" என்று சொல்லித்தான். அவரிடம் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். தேன் விற்கப் போன அப்பாவை ஒரு காண்ட்ராக்டர் சந்தையில் எல்லோருக்கும் முன்னால் அறைந்ததையும், அன்று வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவை அடித்ததையும். இதுவரை யாரிடமும் சொல்லாதது. சொல்லி முடித்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கஷ்டம்தானுங்க" என்றார். "எங்க அப்பனும் அப்படித்தான். குடிச்சுட்டு வந்தா காலடிச் சத்தமே இருக்காது. நாங்க அஞ்சு பிள்ளைங்க, பின்னாடி யார் நிக்கறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தே வளந்தோம். ஆனா பவிக்கு உங்கப்பனையும் தெரியாது, எங்கப்பனையும் தெரியாதுங்களே. அவளுக்கு உங்களைத்தான் தெரியும்."

அதற்கு மேல் அவர் வாழ்க்கையை நான் கேட்டதில்லை. கணவனை விட்டு வந்தவர், இரண்டு பிள்ளைகள் ஊரில் அவருடைய அக்காவிடம் வளர்கிறார்கள் என்பது சரசு சொல்லித்தான் தெரியும். பிள்ளைகளோடு வீடியோவில் பேசி முடிக்கும்போது, "இப்போ வைக்கப் போறேன்... இன்னும் பத்து எண்ணிட்டு வைக்கப் போறேன்... இப்போ அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். எண்ணி முடித்தும் வைக்கமாட்டாராம்.

ஐந்தாவது வெள்ளியோ ஆறாவதோ, பவியின் பிறந்தநாள் வந்தது. நான் இரண்டாவது மாடி வரை ஏறியிருந்த காலம். கதவிடுக்கில் அவள் பாவாடை நுனி தெரிய ஆரம்பித்திருந்தது. எனக்குள் ஏதோ துள்ளியது. ரோஸ் நிறத்தில் ஒரு சைக்கிள் வாங்கினேன். மணியில் ரிப்பன் கட்டினேன். சத்தம் வராமல் இருக்க சங்கிலியில் துணியைச் சுற்றி, சைக்கிளைத் தோளில் தூக்கி, செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மூன்று மாடியும் ஏறினேன். ஊரிலிருந்து வரும் எந்த அப்பாவும் செய்வதுதானே. பெட்டியைத் திறக்குமுன் கண்ணைப் பொத்தச் சொல்வதில்லையா. குழந்தையின் முகம் மலர்வதை நேரில் பார்க்கும் ஆசை.

கதவு ஒருக்களித்து இருந்தது. பவி எனக்கு முதுகைக் காட்டித் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். "ஹேப்பி பர்த்டே!" என்றேன்.

அவள் திரும்பக்கூட இல்லை. குரல் கேட்ட இடத்திலிருந்து நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். சத்தமே போடவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் தரை ஈரமாகி, அந்த ஈரம் மெல்லப் படத்தை நோக்கி ஊர்ந்தது. மெழுகு வண்ணத்தின் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டது. நான் சைக்கிளைத் தோளில் வைத்தபடியே நின்றேன். எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல மெதுவாக நடந்தது.

அவர் உள்ளிருந்து வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணா, நான் இப்போ கதவைச் சாத்தப் போறேன்" என்றார். மெதுவாகச் சாத்தினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "பவி, அத்தை இப்போ கீழ குனியப் போறேன். உன்னைத் தொடமாட்டேன். இந்தத் துண்டைக் கட்டில்கிட்ட வைக்கப் போறேன். நான் இங்கயே உக்காந்துருப்பேன்." அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம் முழுக்க அவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மறுபடியும் தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தேன். மளிகைக்கடைக்காரர் இப்போது சிரிப்பதில்லை. எனக்கு ஒரு பழைய நாற்காலியை எடுத்துப் போடுவார். இப்படி எத்தனை வெள்ளி போனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நினைவில் அந்த மாதங்கள் எல்லாம் ஒரே நீண்ட மதியமாகக் கலந்து கிடக்கின்றன. அந்த மதியத்தின் ஏதோ ஓர் இடத்தில், நான் குரல் விட்டுக் காத்திருந்தபோது, மேலிருந்து பதில் வந்தது. அவருடைய குரலாக இல்லை. மெல்லியது, நடுவில் சிரிப்பால் வழுக்கியது, கடைசியில் சரியாக மடங்கியது. ஆங்கிலத்தில் கனவு காணும் என் மகள், பதியைப் பார்த்தே இராதவள், ஷார்ஜாவின் ஒரு மாடிப்படியில் காட்டுக்குரல் விட்டாள். நான் கையைக் குவித்தபடியே மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பொறுமையிழந்து இன்னொரு முறை விட்டாள்.

அன்று முதல்முறையாக அவள் வரைந்த படங்களைக் காட்டினாள், இரண்டு முழத் தூரத்திலிருந்து.

ஒரு விஷயம் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று சரசுவிடம் ஒருமுறை கேட்டேன். பவி எதையும் சொல்லிக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருநாள் பெல்ட் மாட்டும்போது, "ஆன்ட்டி, இப்படி முன்னாடியே சொல்றதை எங்க அப்பாவுக்கும் சொல்லித் தர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாளாம்.

ஒரு வருடம் கழித்து சரசு வீட்டுக்கு வந்தாள். மன்னித்து வந்தாள் என்று எழுதமாட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது, அவள் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடம் அவருக்கு ஓமானில், சோஹாரில் ஒரு பள்ளி விடுதியில் வேலை கிடைத்தது. போவதைப் பவியிடம் பதினோரு வெள்ளிக்கு முன்பே சொன்னார். ஒவ்வொரு வெள்ளியும் "இன்னும் பத்து", "இன்னும் ஒம்பது" என்று சொன்னார். கடைசி நாளில் பவி அழவில்லை. அழவேண்டியதையெல்லாம் பதினொன்றாகப் பிரித்து அழுதுவிட்டாள். எனக்குத்தான் தயாராக நேரம் போதவில்லை. "போயிட்டு வர்றனுங்கண்ணா" என்றவரிடம் சரி என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச காலம் பேசினோம். பிறகு எண் மாறிவிட்டது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதுவதே அவருக்குப் பிடிக்காது.

அவர் போனபின்னும் என் பயம் போகவில்லை. பவி வளர்ந்தாள். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். அதுதான் என் பயம். எதைச் சொன்னாலும் "சரிப்பா." எந்தச் சட்டை எடுத்தாலும் "நல்லா இருக்குப்பா." யார்டில் என்னோடு வேலை செய்பவர்கள் தங்கள் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவதைப் புலம்பும்போது நான் எழுந்து போய்விடுவேன். பதினைந்து வயதுப் பெண் அப்பாவிடம் ஒரு தடவைகூட "மாட்டேன்" என்று சொன்னதில்லை என்றால் அந்த வீட்டில் இன்னும் என்ன இருக்கிறது? விளக்கடித்துப் பார்த்தும் எனக்குத் தெரியாத விரிசல் அது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பதினொன்றாம் வகுப்புக்கு என்ன பாடம் எடுப்பது என்று பள்ளி படிவம் அனுப்பியிருந்தது. நானே உயிரியல் என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். பவி அதை எடுத்துப் பார்த்தாள்.

"யார்கிட்ட கேட்டு எழுதினீங்க?"

"உன் நல்லதுக்குத்தானேம்மா. மெடிக்கல் சைடு போனா..."

"நோப்பா. நான் பயாலஜி எடுக்கமாட்டேன். அவ்வளவு ஆசையா இருந்தா நீங்க போய்ப் படிங்க."

அவள் குரல் உயர்ந்திருந்தது. என் குரலும் உயர்ந்தது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் தோளிலிருந்து கீழே அந்தப் பழைய சூடு இறங்கியதை உணர்ந்தேன். கை மேசைமேல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அங்கேயே இருந்தது.

"உங்களோட பேசவே முடியாது!" அவள் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் கடிகாரம் ஆடியது.

சமையலறையில் சரசு அடுப்பை அணைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே போய் மன்னிப்புக் கேட்பதா, வெளியே போய்விடுவதா என்று தெரியவில்லை.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பவி வெளியே வந்து, என் நாற்காலிக்கு மிக அருகில், என் கை எட்டும் தூரத்தில் நின்றாள்.

"என் சார்ஜர் எங்க?"

"சோபா மேல."

"எடுத்தா எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா?" என்னைத் தாண்டிக் குனிந்து அதை எடுத்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி, அவசரமே இல்லாமல், வயரின் சிக்கலை அங்கேயே நின்று பிரித்தாள். பிறகு கோபம் குறையாமலே உள்ளே போனாள்.

சமையலறையில் அடுப்பு மறுபடி பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.